பெயருக்கு வந்தவர்கள், ஆட வந்தவர்கள்

2014 டிசம்பர் 16. சென்னை நேரு விளையாட்டு அரங்கில் ஐ.எஸ்.எல். கால்பந்தின் அரையிறுதி, இரண்டாம் ஆட்டம். கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் மூன்று கோல் வாங்கிக்கொண்டு வந்திருந்தது சென்னையின் எஃப்.சி. இனி ஒன்றும் ஆகாது என்று பலரும் கைகழுவிவிட்ட நேரம். முதல் பாதி முடியும் தறுவாயில் மிக்கேல் சில்வெஸ்டர் ஒரு கோல் அடித்தார். இரண்டாம் பாதியில் கேரள வீரர் ஒருவரின் காலில் பட்டே பந்து அவர்கள் வலைக்குள் போனது. 90-வது நிமிடத்தில் ஜெஜெ லால்பெக்லுவா மூன்றாவது கோலை அடிக்க, கணக்கு நேரானது. கூடுதல் நேரத்தின் 117-வது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோல்தான் சென்னையை வெளியேற்றியது.

சில்வெஸ்டருக்கு அப்போது வயது 37. ஜெஜெவுக்கு 23. முன்னவர் அலெக்ஸ் ஃபெர்குசனின் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஒன்பது ஆண்டுகள் ஆடி, பட்டங்கள் வென்று, ஓய்வுக்கு முந்தைய கடைசி நிறுத்தங்களில் ஒன்றாகச் சென்னைக்கு வந்தவர். பின்னவர் மிசோரத்திலிருந்து வந்து, இந்திய அணியில் தன் இடத்தை உறுதி செய்துகொண்டிருந்த இளைஞர். ஒரே ஆட்டத்தில், ஒரே சட்டையில், இருவரும் கோல் அடித்தார்கள். மூத்த வீரர்களை விலை கொடுத்து வாங்கும் கிளப்கள் கனவு காண்பது இந்தக் காட்சியைத்தான். கனவு பலித்த இடங்கள் சில. பலிக்காத இடங்களே அதிகம்.

எட்டு அணிகள், எட்டுப் பெயர்கள்

ஐ.எஸ்.எல். தொடங்கிய ஆண்டில் ஒவ்வோர் அணியும் ஒரு 'மார்க்கீ' வீரரை, அதாவது உலகம் அறிந்த ஒரு பெரிய பெயரை, வைத்திருக்க வேண்டும் என்பது விதி. டெல்லிக்கு இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ டெல் பியரோ. புனேவுக்குப் பிரான்ஸின் டேவிட் ட்ரெஸகே. கோவாவுக்கு ராபர்ட் பிரெஸ். மும்பைக்கு ஸ்வீடனின் ஃப்ரெடி யுங்பெர்க். கொல்கத்தாவுக்கு லூயிஸ் கார்சியா. வடகிழக்குக்கு ஸ்பெயினின் கப்தெவிலா. கேரளாவுக்கு இங்கிலாந்தின் கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ். சென்னைக்கு பிரேசிலின் எலானோ. இவர்களில் எலானோவுக்கு 33 வயது, அவர்தான் இளையவர். ஜேம்ஸுக்கு 44.

ரசிகர்கள் வந்தார்கள். முதல் ஆண்டில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 24,000 பேருக்கு மேல் அரங்குக்கு வந்தார்கள். கிரிக்கெட்டைத் தவிர வேறு எதற்கும் டிக்கெட் எடுக்காத குடும்பங்கள் பிள்ளைகளோடு கேலரியில் உட்கார்ந்தன. உள்ளூர் லீக் ஆட்டங்கள் பலவற்றுக்கு அரங்கின் ஒரு மூலைகூட நிறையாத நாட்டில் இது சிறிய விஷயமல்ல. பெயருக்கு உள்ள முதல் பயன் இதுதான்: கதவைத் திறந்துவிடும்.

ஆனால் ஸ்கோர்போர்டு பெயரைப் பார்ப்பதில்லை. டெல் பியரோ அந்தப் பருவம் முழுவதும் அடித்தது ஒரே ஒரு கோல். ட்ரெஸகே இரண்டு. யுங்பெர்க்கைக் காயம் பெரும்பாலும் வெளியிலேயே உட்கார வைத்தது. மறுபக்கம், எலானோ 11 ஆட்டங்களில் 8 கோல் அடித்து கோல்டன் பூட் விருதை வாங்கினார். ஜேம்ஸ் கோல்கம்பத்தின் கீழும் நின்று, பயிற்சியாளராகவும் இருந்து, கேரளாவை இறுதிப்போட்டி வரை கூட்டிச் சென்றார். கார்சியாவின் கொல்கத்தா கோப்பையை வென்றது.

இதே யோசனையை மேற்கு வங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முயன்று பார்த்திருந்தது. 2012 ஜனவரியில் புதிய லீக் ஒன்றுக்காகக் கொல்கத்தாவில் ஓர் ஏலம் நடந்தது. அர்ஜென்டினாவின் ஹெர்னான் க்ரெஸ்போ, 2006-ல் உலகக் கோப்பையைத் தூக்கிய இத்தாலி கேப்டன் ஃபேபியோ கன்னவாரோ, நைஜீரியாவின் ஒக்கோச்சா எனப் பெரிய பெயர்கள் எல்லாம் லட்சக்கணக்கான டாலர்களுக்கு ஏலம் போயின. அதன்பின் அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. ஆடுவதற்குச் சரியான மைதானங்கள் கிடைக்கவில்லை.

பெலே வந்தார், போனார்

வயதான நட்சத்திரத்தைக் கொண்டு விளையாட்டையே தூக்கி நிறுத்தலாம் என்ற எண்ணத்துக்கு முன்னோடி அமெரிக்கா. சான்டோஸ் கிளப்பிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பெலேவை, 1975-ல் அவருடைய 34-வது வயதில், நியூயார்க் காஸ்மாஸ் அழைத்து வந்தது. இரண்டே ஆண்டுகளில் காஸ்மாஸின் ஓர் ஆட்டத்துக்கு 77,000 பேர் திரண்டார்கள். ஜெர்மனியின் பெக்கன்பவரும் வந்து சேர்ந்தார். 1977 செப்டம்பர் 24 அன்று அந்தக் காஸ்மாஸ் அணி கொல்கத்தாவுக்கே வந்து, ஈடன் கார்டனில் மோகன் பகானோடு மோதியது. மழையில் ஊறிய தரையில் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. பெலேவால் கோல் அடிக்க முடியவில்லை. அடுத்த வாரமே அவர் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

அவர் போன பிறகு கூட்டமும் கரையத் தொடங்கியது. மற்ற கிளப்களும் காஸ்மாஸைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டு, ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் ஆடி முடித்தவர்களைத் தங்கள் வருமானத்துக்கு மீறிய சம்பளத்தில் பிடித்திருந்தன. 1984-ம் ஆண்டுப் பருவத்தோடு அவை ஆடிய அமெரிக்க லீக் இழுத்து மூடப்பட்டது. பெலேவைப் பார்த்துக் கால்பந்தைத் தொட்ட அமெரிக்கப் பிள்ளைகள் ஏராளம். அவர்கள் வளர்ந்து வந்தபோது ஆடுவதற்கு அந்த லீக் இல்லை.

ஜப்பான் வேறு வழியில் போனது. பிரேசிலின் ஜிக்கோ, தன் நாட்டில் விளையாட்டு அமைச்சராகவும் இருந்து முடித்துவிட்டு, 1991-ல் 38 வயதில் ஜப்பானுக்கு வந்தார். அவர் சேர்ந்த சுமிட்டோமோ மெட்டல்ஸ் ஓர் உருக்கு ஆலையின் அணி. இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அது இருந்த ஊர் கஷிமா, பெரிய நகரம்கூட அல்ல. அந்த அணிதான் கஷிமா ஆன்ட்லர்ஸ் என்று பெயர் மாறி, 1993 மே மாதம் ஜே-லீக்கின் முதல் சுற்றில் நகோயாவை 5-0 என்று வீழ்த்தியது. ஜிக்கோவுக்கு 40 வயது. அன்று அவர் அடித்தது ஹாட்ரிக்.

கோலைவிடப் பெரியது அதற்குப் பிறகு நடந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஜிக்கோ கிளப்பின் ஆலோசகராகத் தொடர்ந்தார். பயிற்சியை எப்படி எடுப்பது, உடலை எப்படிப் பேணுவது, தோல்வியை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஒவ்வொன்றிலும் அவர் கை இருந்தது. அதன்பின் ஜே-லீக் பட்டத்தை வேறு எந்தக் கிளப்பையும்விட அதிகமுறை வென்றது கஷிமாதான். அரங்குக்கு வெளியே ஜிக்கோவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அதே ஜிக்கோ 2014 முதல் மூன்று பருவங்கள் எஃப்.சி. கோவாவுக்குப் பயிற்சியாளராக இருந்தார் என்பதை நம் ரசிகர்கள் பலரும் மறந்திருப்பார்கள்.

கால் குறையும், கண் கூடும்

முப்பதைத் தாண்டிய கால்பந்து வீரனிடம் முதலில் குறைவது பாய்ச்சல். 90 நிமிடத்தில் ஓடும் மொத்தத் தூரம் பெரிதாகக் குறைவதில்லை. முழு வேகத்தில் பாயும் தடவைகள்தான் குறைகின்றன. ஓர் ஆட்டத்தின் அலுப்பு தீர முன்பைவிட அதிக நாள் ஆகிறது. தொடையின் பின்தசை அடிக்கடி பிடித்துக்கொள்கிறது. முதல் ஐ.எஸ்.எல். அட்டவணையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் 12 தொடங்கி டிசம்பர் 20-க்குள் எல்லாம் முடிந்தது. 14 லீக் ஆட்டங்கள், நடுவே நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு விமானப் பயணம், சென்னை, கொச்சி, கொல்கத்தா என்று ஊருக்கு ஊர் புழுக்கம். இருபது வயதுக்காரனே நாக்குத் தள்ளும் அட்டவணையில் நாற்பதை நெருங்கியவர் என்ன செய்வார்?

செய்ய முடிந்ததைச் செய்தவர்கள் தப்பித்தார்கள். எலானோவின் முதல் கோலையே எடுத்துக்கொள்ளலாம். 2014 அக்டோபர் 15, கோவாவில் சென்னையின் முதல் ஆட்டம். பல்வந்த் சிங் முதல் கோலை அடித்த பிறகு, சென்னைக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. எலானோ பந்தை வைத்தார், சில அடி பின்னால் போனார், அடித்தார். பந்து வலையில் இருந்தது. ஃப்ரீ கிக்குக்கு வேகமான கால் தேவையில்லை. பல்லாயிரம் முறை அடித்துப் பழகிய கால் போதும். இது உடல் தளர்ந்தாலும் தேயாத வித்தை. சென்னை அந்த ஆட்டத்தை 2-1 என்று வென்றது. லீக் சுற்றில் முதலிடமும் சென்னைக்கே.

இடமும் முக்கியம். கோல்கீப்பரும் நடுத் தடுப்பாட்டக்காரரும் வயதைக் கொஞ்சம் ஏமாற்றலாம்; பந்து எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டிக் கணிப்பவர் ஓட வேண்டிய அவசியம் குறைவு. ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. செல்சி 2020-ல் கிட்டத்தட்ட 36 வயதான தியாகோ சில்வாவைத் தடுப்பின் நடுவில் நிறுத்தி, அடுத்த ஆண்டே ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை வென்றது இந்தக் கணக்கில்தான்.

சென்னையின் இத்தாலிய நாட்கள்

சென்னையின் எஃப்.சி.யின் முதல் பயிற்சியாளர் மார்கோ மத்தராஸி. 2006 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பிரான்ஸின் ஜிதேன் தலையால் மோதினாரே, அந்த மார்பு இவருடையதுதான். அந்தப் போட்டியில் இத்தாலிக்குச் சமன் கோலை அடித்தவரும் இவரே. 41 வயதில் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாகச் சென்னைக்கு வந்தார். பயிற்சியாளராக அவருக்கு அதுதான் முதல் வேலை.

பருவத்தின் கடைசியில் இன்னொரு இத்தாலியரை அழைத்துக்கொண்டார்: 38 வயது அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்தா. 2006 உலகக் கோப்பையில் நெஸ்தா காயம்பட்டு வெளியேறியதால்தான் மத்தராஸிக்கே அணியில் இடம் கிடைத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து இருவரும் சென்னைச் சட்டையில் சந்தித்தார்கள்.

மறு ஆண்டு கதை மாறியது. லீக் சுற்றின் நடுவே அடிமட்டத்தில் கிடந்த சென்னை, கடைசி ஆட்டங்களை வரிசையாக வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. டிசம்பர் பெருவெள்ளத்தில் சென்னை மூழ்கிக் கிடந்ததால், சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவில் ஆடியது. கோவாவில் நடந்த இறுதிப்போட்டியில் உள்ளூர் அணியை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையை வென்றது. அந்த ஆண்டு 13 கோல் அடித்து கோல்டன் பூட் வாங்கியவர் கொலம்பியாவின் ஸ்டிவன் மென்டோசா, வயது 23. எலானோ அணியில் இருந்தார். ஆனால் அணியை இழுத்துச் சென்ற கால்கள் இளையவை.

2016-ல் லிவர்பூலின் பழைய நாயகன் யான் ஆர்னே ரீசே, 36 வயதில் சென்னைக்கு வந்தார். 2005-ல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் வென்ற அணியில் இருந்தவர். மென்டோசா போய்விட்டிருந்தார். நடப்புச் சாம்பியன் சென்னை, எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தது. அதே பயிற்சியாளர், அதே ஊர், அதே ரசிகர்கள். பெயர் மட்டும் இருந்தது; ஓடுவதற்கு ஆள் இல்லை.

பெயர் தெரியாத மூத்தவர்கள்

2017-ல் மார்க்கீ கட்டாயம் நீங்கியது. அதன்பின் கிளப்கள் கொஞ்சம் விவரமாக வாங்கத் தொடங்கின. பழைய பழக்கம் உடனே விட்டுவிடவில்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் அந்த ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் நட்சத்திரம் திமித்தார் பெர்பதோவை வாங்கியது. 36 வயதில் வந்தவர், ஒரே ஒரு கோலோடு ஊர் திரும்பினார்.

அதே ஆண்டு கோவா வாங்கிய ஸ்பானியர் ஃபெரான் கொரோமினாஸுக்கும் 34 வயது. 'கோரோ' என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. அவர் முதல் பருவத்தில் 18 கோல், அடுத்ததில் 16 கோல் அடித்து, இரண்டு முறையும் கோல்டன் பூட் வாங்கினார். மூன்றாவது பருவத்தில் கோவா லீக் சுற்றின் முதலிடத்தைப் பிடித்தது. நைஜீரியாவின் பார்த்தலோமியூ ஒக்பெச்சே 2018-ல் வடகிழக்கு அணிக்கு வந்தவர். வடகிழக்கு, கேரளா, மும்பை, ஹைதராபாத் என்று நான்கு கிளப்களுக்கும் கோல் அடித்தார். 2021-22 பருவத்தில், 37 வயதில், 18 கோல். ஹைதராபாத் அந்த ஆண்டு சாம்பியன்.

சென்னைக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார். இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்புக்கு ஆறு ஆண்டுகள் ஆடிய ஸ்பானியத் தடுப்பாட்டக்காரர் இனிகோ கால்தெரோன், 35 வயதில் 2017-ல் வந்தார். பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் அணியில் தடுப்பின் ஓரத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் நின்றார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், சுனில் சேத்ரியின் அணியை அவர்கள் சொந்த அரங்கிலேயே 3-2 என்று தோற்கடித்துச் சென்னை இரண்டாவது கோப்பையை வென்றது. கால்தெரோனின் சுவரொட்டி சென்னையின் எந்தச் சுவரிலும் இருந்ததில்லை. ஆனால் கேலரியில் நின்று கத்துபவர்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

இவர்களுக்கும் பெர்பதோவுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் வரும்வரை எங்கே, எவ்வளவு ஆடினார்கள் என்பதில்தான் வித்தியாசம். முந்தைய பருவத்தில் தொடர்ந்து ஆடிய 35 வயதுக்காரர், ஓராண்டு சும்மா இருந்த 32 வயதுக்காரரைவிட மேலானவர். கிளப் நிர்வாகிகள் பார்க்க வேண்டியது பழைய கோப்பைகளின் பட்டியலை அல்ல. கடைசி 12 மாதத்தில் ஆடிய நிமிடங்களை.

நிழலில் வளராத செடி

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. இந்தியக் கால்பந்து அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். கோரோ, ஒக்பெச்சே போன்றவர்கள் நிற்கும் இடம் முன்களத்தின் நடு. கோல் அடிக்கும் அந்த இடத்தில் ஏறக்குறைய எல்லாக் கிளப்களும் வெளிநாட்டவரையே நிறுத்துகின்றன. இந்திய இளைஞன் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறான். அல்லது பெஞ்சில் உட்காருகிறான். தொடக்கத்தில் ஆறு வெளிநாட்டவர்வரை களத்தில் இருக்கலாம் என்றிருந்த விதி, 2021-22 முதல் நான்காகக் குறைக்கப்பட்டது. ஆனால் அந்த நால்வரில் ஒருவர் முன்களத்தில்தான் நிற்கிறார்.

விளைவைச் சுனில் சேத்ரியின் கணக்கே சொல்லும். 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். அதன்பின் வந்த ஐ.எஸ்.எல். பருவத்தில், 40 வயதில், பெங்களூருக்காக 14 கோல் அடித்தார். இந்தியர்களில் அவர்தான் முதலிடம்; மற்றவர்கள் அருகில்கூட இல்லை. 2025 மார்ச்சில் இந்திய அணி அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. சேத்ரிக்கு இது பெருமை. நாட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

மூத்தவரின் நிழல் எப்போதும் கெடுதல் என்பதில்லை. 2019 டிசம்பரில் அட்டலான்டாவிடம் 5-0 என்று தோற்று நின்ற ஏ.சி. மிலான், அடுத்த மாதமே 38 வயதான ஸ்லாத்தன் இப்ராஹிமோவிச்சைத் திரும்ப அழைத்தது. மிச்சமிருந்த பருவத்தில் 18 லீக் ஆட்டங்களில் 10 கோல் அடித்தார். 2022-ல் மிலான் 11 ஆண்டுகளுக்குப் பிறகு இத்தாலியப் பட்டத்தை வென்றபோது, அவர் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். களத்தை நிறைத்தவர்கள் ரஃபேல் லியாவ் போன்ற இளைஞர்கள். மூத்தவர் வந்து நின்றதும், பிறகு ஒதுங்கி இடம் விட்டதும் இரண்டும் சேர்ந்தே அங்கே பலன் கொடுத்தன.

நட்சத்திரமே இல்லாமல் வெல்ல முடியும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கோயம்புத்தூர் நேரு அரங்கைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்.சி., நாட்டின் மற்றொரு லீக்கான ஐ-லீக்கின் 2018-19 பட்டத்தை வென்றது. அதற்குக் கோல் அடித்துக் குவித்த பெட்ரோ மான்சியின் பெயரை அதற்கு முன் இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. அவரோடு ஆடியவர்களில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று தமிழ்நாட்டுப் பையன்கள் இருந்தார்கள். இருவரும் பிறகு ஐ.எஸ்.எல். கிளப்களுக்குப் போனார்கள்.

எஞ்சியது என்ன?

2025-ல் ஐ.எஸ்.எல். நடத்தும் ஒப்பந்தம் முடிவுக்கு வரவிருந்த சிக்கலில், புதிய பருவம் எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் லீக் நின்றது. சில கிளப்கள் அன்றாட வேலைகளையே நிறுத்தி வைத்தன. டெல் பியரோவும் பிரெஸும் திறந்துவிட்ட கதவுக்குப் பின்னால் வீடு முழுதாகக் கட்டப்படவில்லை என்று அப்போது புரிந்தது.

ஆனால் கட்டப்பட்டது ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018 அரையிறுதியில் கோவாவைச் சென்னை 3-0 என்று வென்றபோது, இரண்டு கோல் ஜெஜெவுடையது. மீதி ஒன்றை அடித்தவர் தன்பால் கணேஷ், வடசென்னை வியாசர்பாடிப் பையன். மத்தராஸியின் காலத்தில் அணிக்குள் வந்தவர். உலகக் கோப்பை வென்றவர்களோடு ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து, அவர்களோடு பயிற்சி எடுத்து வளர்ந்தவர். மூத்த வீரருக்குக் கொடுத்த பணத்தில் உருப்படியாகத் திரும்பி வந்தது இதுதான்.

வியாசர்பாடிக்குக் கிடைத்தது இன்னும் பல ஊர்களுக்குக் கிடைக்கவில்லை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றி அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் பல இருக்கின்றன. பிள்ளைகள் பள்ளியிலேயே தங்கிப் படிப்பதால் காலையும் மாலையும் பயிற்சிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. தேட வேண்டியது சொல்லிக்கொடுப்பவரைத்தான். சென்னையிலிருந்து காலையில் புறப்பட்டால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

கிளப்கள் மூத்த வீரரோடு ஒப்பந்தம் போடும்போது விளம்பரப் படப்பிடிப்புக்கு இத்தனை நாள் என்று எழுதி வாங்குகின்றன. அதே தாளில், இளையோர் அணியோடு வாரத்துக்கு இத்தனை மணி நேரம், பருவம் முடிந்ததும் வெளியூர்ப் பள்ளிகளில் இத்தனை நாள் முகாம் என்றும் எழுதட்டும். ஆடி ஓய்ந்த நம் ஊர் வீரர்களையும், தன்பால் கணேஷின் தலைமுறையையும் சேர்த்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாநிலக் கால்பந்து சங்கமும் முதல் முகாமை ஜமுனாமரத்தூரில் நடத்தலாம். அதற்கு ஆகும் செலவு, ஒரு மார்க்கீ வீரரின் சம்பளத்தில் ஒரு சிறு துண்டுக்கு மேல் வராது.